வடநெம்மேலி முதலைப் பண்ணை: நுழைவுச்சீட்டுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர், சுமார் நாற்பது கிலோமீட்டர் தொலைவில் வடநெம்மேலியில் வரும் முதலைப் பண்ணையைப் போகிற போக்கில் அரை மணி நேரம் எட்டிப் பார்க்கும் இடமாகவே வைத்திருக்கிறார்கள். நானும் இருபது ஆண்டுகளாக அப்படித்தான் கடந்து போயிருக்கிறேன். கடந்த மாதம் முதன்முறையாக ஒரு முழு முற்பகலை அங்கே செலவிட்டபோதுதான், இந்த எட்டரை ஏக்கர் மணல் நிலத்தைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் அதை நிறுவிய மனிதரின் வாழ்க்கையையும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று தோன்றியது. பண்ணையின் ஒவ்வொரு மூலையும் அவர் எங்கே, யாரிடம், எதைக் கற்றார், எதை வேண்டாம் என்று விட்டார் என்பதிலிருந்துதான் உருவாகியிருக்கிறது. ஆகவே இந்த மதிப்புரை இடத்தைப் பற்றியதாகவும் ரோமுலஸ் விட்டேக்கரைப் பற்றியதாகவும் ஒருசேர அமையும்.

நாங்கள் போனதற்குக் காரணம் என் அத்தை. சில ஆண்டுகளுக்கு முன் வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது அவரைக் கண்ணாடி விரியன் கடித்தது. மருத்துவமனையில் அவருடைய இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தார்கள், உறையவில்லை. நச்சுமுறி மருந்தை முதல் தவணையாகவே பத்துக் குப்பிகள் செலுத்தினார்கள். சிறுநீரகம் தப்பித்தது என்று தெரிய நான்கு நாட்கள் ஆயின. அந்த மருந்து எதிலிருந்து செய்யப்படுகிறது என்று அப்போது எங்களில் எவரும் கேட்கவில்லை. பாம்பின் நஞ்சையே சிறு சிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி, குதிரையின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துத்தான் அந்தக் குப்பியை நிரப்புகிறார்கள் என்பதைப் பின்னர் ஒரு செவிலியர் சொன்னார். இந்தியாவில் மருந்துக்கு வேண்டிய அந்த நஞ்சில் மிகப் பெரும்பகுதி வடநெம்மேலியிலிருந்துதான் போகிறது என்று அறிந்தபோது, “அந்த இடத்த ஒரு தடவ பாக்கணும்டா” என்று அத்தை சொன்னார். சொன்னவர் விடவும் இல்லை.

அதனால் நாங்கள் முதலைகளை விட்டுவிட்டு, நேரே பண்ணைக்குள் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தின் நஞ்செடுப்பு நிலையத்துக்குப் போனோம். இதற்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். தயங்காமல் வாங்குங்கள். தமிழ்நாட்டில் சீட்டு வாங்கிப் பார்க்கக்கூடிய காட்சிகளில் இதற்கு நிகரானதை நான் கண்டதில்லை. நடுவில் மணல் பரப்பிய தாழ்வான தளம். சுற்றிலும் பார்வையாளர்கள் நிற்பதற்கு இடம். ஓரத்தில் வரிசையாக மண்பானைகள். ஒவ்வொரு பானையின் வாயும் துணியால் மூடப்பட்டுக் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. பானையின் மேல் சுண்ணக்கட்டியால் எழுதியிருக்கிறது. ஊறுகாய்ப் பானைகள் என்று சொன்னால் நம்பிவிடலாம். உள்ளே இருப்பவை நாட்டில் அதிக உயிர்களைக் கொல்லும் நான்கு இனப் பாம்புகள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்.

காக்கி உடுத்திய இருளர் ஒருவர் ஒரு பானையின் கயிற்றை அவிழ்த்து, கொக்கிக் கம்பியால் பாம்பை மணலில் எடுத்து விட்டார். முதலில் நல்ல பாம்பு. படம் எடுத்து நின்ற அதனை அவர் சீண்டவில்லை, ஆட்டிக் காட்டவில்லை. அது எதைப் பார்த்துத் திரும்புகிறது, எவ்வளவு தொலைவுக்கு எட்டும் என்பதை மட்டும் சொன்னார். கட்டுவிரியன் பகலில் சோம்பிக் கிடக்கும், தலையை உடலுக்கடியில் ஒளித்துக்கொள்ளும், ஆனால் இரவில் தரையில் படுத்து உறங்குபவர்களை வலிகூடத் தெரியாமல் கடித்துவிட்டுப் போகும் என்றார். சுருட்டை விரியன் தன் செதில்களை ஒன்றோடொன்று உரசி எழுப்பும் அரம் போன்ற ஓசையைக் கேட்க, கூட்டத்தையே மௌனமாக நிற்கச் செய்தார். பிறகு கண்ணாடி விரியன். துருத்தி ஊதுவது போன்ற அந்தச் சீறலைக் கேட்டதும் அத்தை என் கையைப் பிடித்தார். “இதே சத்தந்தான். புல்லுக்குள்ள காத்து அடிக்குதுன்னு நெனச்சேன்” என்றார்.

நஞ்செடுப்பது ஒரு நிமிட வேலைதான். மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பில் பாம்பின் மேல்வாயைப் பொருத்த, அது கடிக்க, நச்சுப்பற்கள் சவ்வைத் துளைத்து உள்ளே இறங்க, கிண்ணத்தின் உட்சுவரில் நஞ்சு வழிகிறது. அத்தைக்கு அவ்வளவு பாடு படுத்தியதன் அளவு இவ்வளவுதானா என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. இந்த நீர்மத்தை உறைய வைத்து ஈரத்தை நீக்கிப் பொடியாக்கி மருந்து உற்பத்தியாளர்களுக்கு விற்கிறார்கள். ஒரு பாம்பை இருபத்தொரு நாட்கள் வைத்திருந்து, வாரத்துக்கு ஒரு முறையாக நான்கு முறை நஞ்செடுத்த பின், வயிற்றுப்பக்கச் செதிலில் ஓர் அடையாளம் இட்டு மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் மறைவதற்குள் அதே பாம்பு மறுபடி அகப்பட்டால் அதை எடுத்துவர மாட்டார்கள். இவ்வளவையும் அந்த இருளர் மைக் இல்லாமல், உரத்துப் பேசாமல், பள்ளிப் பிள்ளைகளுக்கு விளங்கும் தமிழில் சொன்னார்.

கட்டணம் செலுத்தி வந்தவர்களின் கண்முன்னால் நஞ்செடுத்து, அந்த நஞ்சை ஆய்வுக்கும் மருந்துக்கும் அனுப்புகிற இந்த முறைக்கு ஓர் ஊர் வரலாறு உண்டு. அந்த ஊர் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இருக்கும் மயாமி. அங்கே நெடுஞ்சாலை ஓரத்தில் பில் ஹாஸ்ட் என்பவர் 1947-இல் ஒரு பாம்பகம் திறந்தார். 1910-இல் நியூ ஜெர்சியில் பிறந்த ஹாஸ்ட், சிறுவயதிலேயே பாம்புக்கடி வாங்கி, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, ஊர் ஊராகப் பாம்பு காட்டுபவர் ஒருவருடன் சுற்றி, பிறகு பான் அமெரிக்கன் விமானங்களில் பொறியாளராகப் பறந்து, போன நாடுகளிலிருந்தெல்லாம் பாம்புகளைக் கொண்டுவந்தவர். சாலையில் போகும் கார்களை நிறுத்த வேண்டும் என்பதற்காக முப்பத்தைந்து அடி உயரத்தில் படமெடுத்த நாகத்தைக் கான்கிரீட்டில் எழுப்பி வைத்திருந்தார். வெள்ளைக் கோட்டு அணிந்து புல்தரையில் நாகத்தை விட்டு, அதன் கவனத்தை ஒரு கையால் இழுத்து மறுகையால் கழுத்தைப் பற்றுவார். அதைப் பார்க்கவே மக்கள் சீட்டு வாங்கினார்கள். 1948 முதல் நாக நஞ்சைத் தன் உடலிலேயே சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டார். வாழ்நாளில் 170 முறைக்கு மேல் கடிபட்டும், 2011-இல் தமது நூறாவது வயதில்தான் இறந்தார். பாம்பு கடித்துச் சாகக் கிடந்த இருபதுக்கும் மேற்பட்டோருக்குத் தன் இரத்தத்தையே கொடுத்திருக்கிறார்.

அந்தப் பாம்பகத்தில் 1963 முதல் இரண்டு ஆண்டுகள் வேலை செய்த இளைஞர்தான் ரோமுலஸ் விட்டேக்கர். 1943-இல் நியூயார்க்கில் பிறந்தவர். கல்லைப் புரட்டிப் பாம்பைப் பிடித்து வீட்டுக்கு எடுத்து வந்த சின்னஞ்சிறு மகனை அடிக்காமல், அதை அவனோடு சேர்ந்து பார்த்த தாய் அவருக்கு வாய்த்தார். அந்தத் தாய், விடுதலைப் போராட்ட வீராங்கனை கமலாதேவி சட்டோபாத்யாயின் மகன் ராமாவை மணந்து 1951-இல் பிள்ளைகளோடு இந்தியாவுக்கு வந்தார். மகன் கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் படித்தான். கட்டிலுக்கு அடியில் மலைப்பாம்பு வளர்த்த மாணவன் என்ற பெயர் அவருக்கு இன்றும் இருக்கிறது. மேற்படிப்புக்கு அமெரிக்கா போனார், கல்லூரி பிடிக்கவில்லை, மயாமிக்கு வந்து சேர்ந்தார். ஹாஸ்டிடம் அவர் கற்ற தொழில் பாம்பைக் கையாள்வது மட்டுமன்று என்று நான் கருதுகிறேன். பாம்பைப் பார்க்க மக்கள் காசு கொடுப்பார்கள். அந்தக் காசைக் கொண்டு பாம்பைப் பற்றிய அறிவியலை நடத்த முடியும். இரண்டுக்கும் ஒரே கூடம் போதும். இந்த ஏற்பாட்டைத்தான் அவர் அங்கே கண்கூடாகக் கண்டார். பிறகு வியட்நாம் போர்க்காலக் கட்டாய இராணுவச் சேவையில் மருத்துவ ஆய்வகப் பணியை முடித்து, 1967-இல் இந்தியாவுக்கே திரும்பினார். 1975-இல் இந்தியக் குடிமகன் ஆனார்.

மயாமியில் கற்றதில் எதை அவர் விட்டார் என்பதும் வடநெம்மேலியில் நின்று பார்த்தால் தெரிகிறது. ஹாஸ்டின் பாம்பகத்தில் எல்லாக் கண்களும் ஹாஸ்டின் மேல் இருந்தன. அவருடைய துணிச்சலும் அவருடைய தழும்புகளுமே காட்சி. 1977-இல் அங்கே முதலைக் குழிக்குள் விழுந்த ஆறு வயதுச் சிறுவனை முதலை கொன்றது. ஹாஸ்ட் அந்த முதலையைச் சுட்டார். அதன் பிறகு ஏழு ஆண்டுகளில், 1984-இல், பாம்பகத்தை மூடினார். தனி ஒருவரைச் சுற்றிக் கட்டப்பட்டது அவரோடு நின்றது. வடநெம்மேலியிலோ, நிறுவியவர் பல ஆண்டுகளுக்கு முன்பே மேடையிலிருந்து இறங்கிவிட்டார். அவருடைய பெரிய படம் எதையும் தேடி நான் போகவில்லை. கண்ணில் படவும் இல்லை. மணலில் நின்று பாம்பைத் தூக்குபவர் இருளர். விளக்குபவர் இருளர். சங்கமும் இருளருடையது. இந்த ஒரு முடிவுக்காகவே விட்டேக்கரை நான் மதிக்கிறேன்.

நடுவில் ஒரு படி உண்டு. 1969 வாக்கில் அவர் சென்னையை ஒட்டிய சேலையூரில் ஒரு சிறிய பாம்புப் பண்ணை நடத்தினார். 1972-இல் அது கிண்டிக்கு வந்தது. குழந்தைகள் பூங்காவை அடுத்த கிண்டிப் பாம்புப் பண்ணை என்று இன்று எல்லோருக்கும் தெரிந்த இடம் அதுதான். அந்தக் காலத்தில் பாம்பைக் காட்டுவது என்றால் மகுடி ஊதும் பாம்பாட்டி என்றுதான் பொருள். என் சிறுவயதில் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்த ஒரு கூடாரத்தில் பத்துப் பைசாவுக்கு நாகம் காட்டினார்கள். அதன் வாய் நூலால் தைக்கப்பட்டிருந்தது என்பதை நான் பெரியவனான பிறகுதான் புரிந்துகொண்டேன். அப்படிப்பட்ட பாம்பு சில வாரங்களில் பட்டினியால் சாகும். அதற்கு நேர்மாறாக, பாம்பு நன்றாக உண்டு, உறங்கி, முட்டையிட்டு வாழ்வதையே காட்சியாக வைக்கலாம் என்று கிண்டி காட்டியது. எத்தனையோ பள்ளிச் சுற்றுலாக்கள் அந்த வாசலில் வந்து நின்றன. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்ற ஊரில், ஒரு தலைமுறைப் பிள்ளைகள் சாரைப் பாம்பையும் நல்ல பாம்பையும் வேறுபடுத்திப் பார்க்கக் கற்றது அங்கேதான்.

இருளர்கள் இந்தக் கதைக்குள் வந்தது துயரமான வழியில். தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்து விற்பதே செங்கல்பட்டு வட்டார இருளர் குடும்பங்கள் பலவற்றின் வருவாயாக இருந்தது. சென்னையின் தோல் பதனிடும் தொழிலகங்கள் வழியாக அந்தத் தோல்கள் பைகளாகவும் செருப்புகளாகவும் வெளிநாடு போயின. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பாம்புகளுக்கு அது விடிவு. வளையைப் பார்த்தே உள்ளே இருப்பது எலியா பாம்பா என்று சொல்லிவிடும் ஒரு சமூகத்துக்கு அடுப்பு அணைந்தது. பாம்புத் தடத்தையும் எச்சத்தையும் உரித்த சட்டையையும் படிக்கத் தனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் இருளர்கள்தான் என்று விட்டேக்கர் பலமுறை சொல்லியிருக்கிறார். அதே கல்வியைப் பாம்பைக் கொல்லாமல் காசாக்க வழி ஒன்று மயாமியில் அவர் பார்த்ததுதான். 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவானது. ஒரு பாம்பை ஒரே ஒரு முறை தோலுக்காக விற்பதற்குப் பதில், அதை நான்கு முறை நஞ்செடுத்துவிட்டு உயிரோடு திருப்பி விடுவது இரு தரப்புக்கும் ஆதாயம் என்ற கணக்கு இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது முதலைகள். காட்சி முடிந்து வெளியே வந்தால் அடுத்து அவைதான், அவற்றுக்கு நேரம் கொடுக்க வேண்டும். பழந்தமிழர் முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயர்கள் வைத்திருந்தார்கள். இந்தியாவிலும் இன்று மூன்று இனங்கள் இருக்கின்றன: சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, நீண்ட ஒடுங்கிய முகம் கொண்ட கரியால். எழுபதுகளின் தொடக்கத்தில் மூன்றுமே தோலுக்காக வேட்டையாடப்பட்டு அழிவின் விளிம்பில் நின்றன. 1976-இல் விட்டேக்கரும் அவருடைய அன்றைய மனைவி ஜை விட்டேக்கரும் நண்பர்களும் சேர்ந்து இந்தக் கடற்கரையோர நிலத்தில், பண்ணையின் ஆங்கிலப் பெயரான ‘குரோக்கடைல் பேங்க்’ என்பதில் உள்ள ‘வங்கி’ என்ற சொல்லை அதன் நேர்ப் பொருளிலேயே எடுத்துக்கொண்டு, முதலைகளைப் பெருக்கி ஆறுகளுக்குத் திருப்பித் தரும் நோக்கத்துடன் தொடங்கியதுதான் இந்தப் பண்ணை. ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு முதலைகளும் சில நூறு முட்டைகளும் இங்கிருந்து பல மாநில வனத்துறைகளுக்குப் போயின. மாமல்லபுரம் பார்க்கப் போகிறவர்கள் வழியில் நின்று வாங்கிய சீட்டுகள்தான் இதற்கான பணத்தில் பெரும்பங்கைத் தந்தன. கான்கிரீட் நாகம் இல்லாமலே கார்கள் நின்றன.

முதலைகளைப் பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். பெரிய தொட்டியின் கரையில் சதுப்புநில முதலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விறகு அடுக்கியது போலக் கிடக்கும். ஐந்து நிமிடம் நின்றால் எதுவும் நடக்காது. அன்று எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு குடும்பத்தினர் இவை பொம்மைகள் என்றே முடிவு செய்து, ஒரு பையன் கல்லைக் கையில் எடுத்தான். காவலர் வந்து தடுத்தார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் என்று இங்கே எழுதுவது என் கடமை. வாயைத் திறந்தபடி அசையாமல் கிடப்பது சோம்பலால் அன்று, உடலின் வெப்பத்தைச் சீராக்கிக்கொள்ளத்தான். கல்லெறிந்தால் கண்ணும் பல்லும் போகும்.

அரை மணி நேரம் நின்றால் நடப்பது வேறு. தொட்டியை ஒட்டிய மரங்களில் கொக்குகளும் நாரைகளும் கூடு கட்டுகின்றன. அவை கூட்டுக்குச் சுள்ளி தேடும் பருவத்தில், நீரில் மிதக்கும் முதலை தன் மூக்கின் மேல் சில சுள்ளிகளைத் தாங்கியபடி அசையாமல் கிடக்கும். சுள்ளியை எடுக்கப் பறவை இறங்கினால் முதலை பாயும். ஊர்வனவற்றில் இரையை ஈர்க்கப் பொருளைப் பயன்படுத்தும் இந்த நடத்தை 2013-இல் ஆய்விதழில் வெளியானபோது, அதற்கான கவனிப்புகளில் ஒரு பகுதி இதே தொட்டியில் எடுக்கப்பட்டது. நாங்கள் போனது அந்தப் பருவம் அன்று. சுள்ளி தாங்கிய முதலை எதுவும் அகப்படவில்லை. ஆனால் அது தெரிந்து நிற்பதும் தெரியாமல் நிற்பதும் ஒன்றல்ல. அதே போல, முட்டை அடைகாக்கும் மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது என்ற உண்மை சதுப்புநில முதலைக்கு எப்படிப் பொருந்துகிறது என்பதும் இங்கேதான் ஆராயப்பட்டது. 31 டிகிரி செல்சியஸ் வரை முழுவதும் பெண் குஞ்சுகள், 32.5 டிகிரியில் முழுவதும் ஆண். ஒன்றரை டிகிரி இடைவெளியில் ஒரு கூடு முழுவதும் மாறிவிடுகிறது என்பதை அத்தைக்குச் சொன்னபோது, அவர் மணலைக் குனிந்து தொட்டுப் பார்த்தார்.

உவர்நீர் முதலையான ‘ஜாஸ்’ நெடுங்காலமாக இந்தப் பண்ணையின் முகமாக இருந்துவருவது. பதினேழு அடிக்குக் குறையாத நீளம் என்பார்கள். அதைப் பார்க்கத்தான் பெரும்பாலோர் கூடுகிறார்கள். என்னைக் கேட்டால் கரியால்களின் தொட்டிதான் முதலில். வளர்ந்த ஆண் கரியாலின் மூக்கு நுனியில் சிறு பானையைக் கவிழ்த்தது போன்ற ஒரு குமிழ் இருக்கும். வடநாட்டில் பானையைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் அதன் பெயரே வந்தது. சம்பல் ஆற்றில் எஞ்சியிருக்கும் கரியால்களை ஆய்வு செய்யும் பணியையும் இந்தப் பண்ணைதான் ஆண்டுக்கணக்கில் நடத்தி வருகிறது. கர்நாடகத்தின் ஆகும்பே மழைக்காட்டில் 2005-இல் தொடங்கிய ஆய்வு நிலையமும் அந்தமானில் இயங்கும் நிலையமும் இதன் கிளைகள். நம் நுழைவுச்சீட்டு எங்கெங்கோ போய்ச் சேர்கிறது.

ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். முதலைகளைப் பெருக்கும் வேலை அளவுக்கு மீறி வெற்றி பெற்றது. விடுவதற்கு ஆறுகளும் நீர்த்தேக்கங்களும் போதவில்லை. தொண்ணூறுகளில் அவற்றைக் காட்டில் விடும் திட்டம் நிறுத்தப்பட்டது. பண்ணையிலோ முதலைகள் முட்டையிட்டுக்கொண்டே இருந்தன. அதன் பிறகு ஆணையும் பெண்ணையும் பிரித்து வைப்பதும் முட்டைகளை அகற்றுவதும்தான் வேலையாயின. அண்மை ஆண்டுகளில் ஆயிரம் சதுப்புநில முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள தனியார் உயிரியல் பூங்காவுக்கு மாற்ற அனுமதி கிடைத்து, அதை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் தள்ளுபடி செய்தது. அந்த மாற்றத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. இறைச்சி விலையையும் தொட்டியின் நெருக்கடியையும் எண்ணிப் பார்த்தால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆற்றில் இடம் இல்லாத முதலைக்குத் தொட்டியில் பிறந்து தொட்டியில் சாவதுதான் விதி என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

நஞ்செடுப்பைக் கூட்டத்தின் முன் செய்யலாமா என்ற கேள்வியும் எழக்கூடும். காட்டுப் பாம்பைப் பிடித்து மூன்று வாரம் பானையில் அடைத்து வைப்பது அதற்கு வேதனைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. விட்டேக்கர் அதை எழுதியவர்களில் ஒருவர். இறந்தவர்களில் பெரும்பாலோர் எங்கள் அத்தையைப் போல் வயலில் நிற்பவர்கள், இரவில் தரையில் படுப்பவர்கள். நஞ்சை எப்படியும் எடுத்தாக வேண்டும். மூடிய அறைக்குள் எடுப்பதைவிட, கடிபட்டால் எங்கே ஓட வேண்டும், எதைக் கட்டக் கூடாது, எதைக் கீறக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லி நான்கு பேர் முன்னால் எடுப்பது மேல் என்பது என் முடிவு. அன்று அங்கே நின்ற கூட்டத்தில் ஒருவர் ‘மந்திரிச்சா இறங்குமா’ என்று கேட்டார். இருளர் சிரிக்கவில்லை. “இறங்காதுங்க. நாங்களே ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்” என்றார். அந்த ஒரு வாக்கியம் சீட்டு விலைக்கு மேல் மதிப்புள்ளது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். திங்கட்கிழமை மூடியிருக்கும். காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள். கடற்காற்று இருந்தாலும் நண்பகலில் மணல் சுடும், முதலைகளும் நீருக்குள் போய்விடும். நஞ்செடுப்புக் காட்சியை முதலில் பாருங்கள், பிறகு முதலைகளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இருட்டிய பின் கைவிளக்கோடு அழைத்துச் செல்லும் இரவுச் சுற்றையும் பண்ணையினர் நடத்துவதுண்டு. விளக்கொளி பட்டதும் நீர்ப்பரப்பு முழுவதும் முதலைக் கண்கள் தணல் போல் மின்னும், முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஊஞ்சலும் சறுக்குமரமும் தேடும் குழந்தைகளுக்கு இது ஏற்ற இடமன்று. கேள்வி கேட்கும் குழந்தைகளுக்கு இதைவிட ஏற்ற இடம் இந்தச் சாலையில் கிடையாது. விருப்பமிருந்தால் ஒரு விலங்கைத் தத்தெடுத்து அதன் உணவுச் செலவை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது.

விட்டேக்கருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2023-இல், மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களுக்கும் அதே விருது கிடைத்தது. இவர்கள் இருவரும்தான் 2017-இல் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே அந்நிய இனமாகப் பெருகிக் காட்டு விலங்குகளை அழித்துக்கொண்டிருந்த பர்மிய மலைப்பாம்புகளைச் சில வாரங்களில் இருபதுக்கும் மேல் பிடித்துக் காட்டியவர்கள். மோப்ப நாய்களும் கருவிகளும் தேடிச் சலித்த புதரில், இவர்கள் கையில் கடப்பாரையோடு நடந்து, தடம் பார்த்துப் பிடித்தார்கள். கொடைக்கானல் பையன் பாம்புத் தொழில் கற்கப் போன அதே மாநிலத்துக்கு, அரை நூற்றாண்டு கழித்து, அவனுக்குக் காடு கற்றுக்கொடுத்தவர்களின் வழிவந்தோர் ஆசிரியர்களாகப் போனார்கள்.

முதலைகளைப் பார்த்து முடித்ததும் அத்தை மறுபடியும் பானைகளிடம் போக வேண்டும் என்றார். இரண்டாவது முறையும் சீட்டு வாங்கினோம். காட்சி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, கண்ணாடி விரியனைப் பானைக்குள் இறக்கித் துணியைக் கட்டிக்கொண்டிருந்த இருளரை அவர் கூப்பிட்டார்.

“தம்பி, இத எப்ப விடுவீங்க?”

அவர் பானையின் மேல் எழுதியிருந்த தேதியைப் பார்த்தார். “இன்னும் மூணு நாளும்மா. நாலாவது தடவ எடுத்தாச்சுன்னா விட்டுருவோம்.”

“எங்க விடுவீங்க? வயல் பக்கமா?”

“இல்லம்மா. ஊருக்குத் தள்ளி, காட்டுப் பக்கந்தான்.”

அத்தை தலையாட்டினார். சற்று நேரம் அந்தப் பானையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “வெயில்ல வெக்காதீங்க, நிழலுக்குத் தள்ளி வைங்க” என்றார். இருளர் பானையை இரு கைகளாலும் தூக்கிச் சுவரோரமாக நகர்த்தி வைத்தார்.